கத்திரிக்கு ஒரு மணம், கார்த்திகைக்கு வேறொரு மணம்: தினசரி சென்ட் தேர்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

துபாயிலிருந்து விடுமுறைக்கு வந்த சித்தப்பா ஒருமுறை எனக்கு ஊத் சென்ட் ஒன்றைக் கொடுத்தார். மறுநாள் காலையே கழுத்திலும் சட்டையிலும் ஐந்தாறு முறை அடித்துக்கொண்டு, புதுச்சேரி பேருந்து நிலையத்தில் கடலூர் பஸ் ஏறினேன். கத்திரி வெயில் தொடங்கிய வாரம் அது. தவளக்குப்பம் வருவதற்குள் பக்கத்து இருக்கையில் இருந்த அம்மா முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டார். கிருமாம்பாக்கத்தில் எழுந்து போய், படிக்கட்டுக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நெரிசலான பஸ்ஸில் கிடைத்த இருக்கையை ஒருவர் விட்டுவிட்டு நிற்கிறார் என்றால் அவருக்கு எவ்வளவு குமட்டியிருக்க வேண்டும்! அந்த வருத்தம் எனக்கு இன்றும் இருக்கிறது. அதே சென்ட்டை ஏழு மாதம் கழித்து, மார்கழி விடியற்காலையில் ஒரே ஒரு முறை அடித்துக்கொண்டு கோயிலுக்குப் போனேன். எதிரில் வந்த நண்பர் இது என்ன மணம் என்று விரும்பிக் கேட்டார்.

அதன் பிறகுதான் இதைப் பற்றிப் படிக்கவும், பொறுமையாக முகர்ந்து பார்க்கவும் தொடங்கினேன். நான் கண்ட பெரிய தவறு, வேறு ஊர் வானிலைக்கு எழுதிய அட்டவணையை நாம் அப்படியே பின்பற்றுவது. வசந்தத்துக்குப் பூ, கோடைக்கு எலுமிச்சை, இலையுதிர் காலத்துக்கு ஏலம் கிராம்பு, பனிக்காலத்துக்கு ஊத் என்று ஐரோப்பாவின் நான்கு பருவங்களுக்குப் பொருத்தி வைத்திருக்கிறார்கள். கடலூரிலும் புதுச்சேரியிலும் இலையுதிர் காலத்தை எங்கே போய்த் தேடுவது? நமக்கு இருப்பவை பங்குனியில் ஏறத் தொடங்கிக் கத்திரியில் 40 டிகிரியைத் தொடும் வெயில், ஆடிக் காற்று, ஐப்பசி கார்த்திகை அடைமழை, மார்கழி தைப் பனி. இவை எல்லாவற்றுடனும் ஆண்டு முழுக்க ஒட்டிக்கொண்டிருக்கும் கடலோர ஈரப்பதம்.

பருவம் பார்த்து மணம் மாற்றுவது தமிழருக்குப் புதிய பழக்கமும் அல்ல. சங்க இலக்கியமான நெடுநல்வாடையில், வாடைக்காற்று வீசும் குளிர்நாளில் மக்கள் சந்தனம் பூசுவதை நிறுத்திவிடுகிறார்கள். சந்தனம் அரைக்கும் வட்டக்கல் சும்மா கிடக்கிறது. பெண்கள் அகிலைப் புகைக்கிறார்கள். வெயிலுக்குச் சந்தனம், குளிருக்கு அகில் என்று இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே வகுத்து வைத்திருந்தார்கள். அரபு நாடுகளிலிருந்து ஊத் என்ற பெயரில் வருவதும் அதே அகில்தான். அதைத்தான் நான் கத்திரியில் பூசிக்கொண்டு பஸ் ஏறியிருக்கிறேன்.

வெயிலில் நடப்பது என்ன

ஒரு சென்ட்டில் மூன்று அடுக்கு மணங்கள் உண்டு. அடித்தவுடன் மூக்கில் ஏறுவது மேல்மணம். எலுமிச்சை, ஆரஞ்சு, புதினா போன்றவை. பெரும்பாலும் கால் மணி நேரத்தில் பறந்துவிடும். அடுத்து வருவது நடுமணம். மல்லிகை, ரோஜா, ஏலம் போன்றவை இரண்டு மூன்று மணி நேரம் நிற்கும். கடைசியில் தங்குவது அடிமணம். சந்தனம், அகில், வனிலா, கஸ்தூரி போன்ற கனமான மூலக்கூறுகள் அவை. மாலை வரை, சில சமயம் மறுநாள் வரை சட்டையில் இருக்கும்.

குளிர்ந்த ஊரில் இந்த மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக நிதானமாக வரும். நம் மே மாதத்தில் அப்படி இல்லை. தோல் சூடேறியிருப்பதால் மேல்மணம் சில நிமிடங்களில் ஆவியாகிவிடுகிறது. மெதுவாக எழ வேண்டிய அடிமணம் முன்கூட்டியே, ஒரே மூச்சில் எழுகிறது. காற்றில் ஈரம் மிகுந்திருப்பதால் வியர்வை உலர்வதும் இல்லை. இனிப்பான வனிலாவும் வியர்வையும் புழுக்கமான பஸ்ஸில் கலந்தால் என்ன ஆகும் என்பதை அந்த அம்மாவிடம் கேட்டிருக்க வேண்டும்.

இதற்குத் தீர்வாக எலுமிச்சை மணம் மட்டுமே உள்ள சென்ட்டை வாங்கினால், பஸ் மரப்பாலம் நிறுத்தத்தைத் தாண்டுவதற்குள் அது போய்விடும். கீழே பிடித்து நிறுத்த ஓர் அடிமணம் வேண்டும். ஆனால் அது கனக்கவும் கூடாது. இந்த இரண்டுக்கும் பொருந்தி வருகிற ஒன்று நம் மண்ணிலேயே விளைகிறது. வெட்டிவேர். கடலூருக்குத் தெற்கே, கடலோர மணற்பாங்கான நிலங்களில் அதைப் பயிரிடுகிறார்கள். மணல் என்பதால் வேர் ஆழமாக, அறுபடாமல் இறங்கும். பிரெஞ்சு வாசனைத் திரவியக் கலைஞர்கள் வெத்திவேர் என்று சொல்வது நம் தமிழ்ச் சொல்லைத்தான்; பிரெஞ்சு வழியாகவே அது ஆங்கிலத்துக்கும் போனது. அடிமணமாக இருந்தும், மண்பானைத் தண்ணீரின் குளுமையை நினைவுபடுத்தும் மணம் அது. எலுமிச்சை அல்லது நாரத்தை வகை மேல்மணமும், வெட்டிவேர் அடிமணமும் உள்ள சென்ட்டை மாசி முதல் ஆவணி வரை தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம். பாட்டிலின் மேல் எவ்வளவு பெரிய பெயர் இருக்கிறது என்பதைவிட, பெட்டியில் வெட்டிவேர் என்று எழுதியிருக்கிறதா என்று முதலில் பார்க்கிறவன் நான்.

அதிகச் செறிவு என்றால் அதிக மதிப்பு என்று நினைப்பது அடுத்த தவறு. ஓ து கொலோன் வகையில் வாசனை எண்ணெய் வழக்கமாக நூற்றுக்கு 2 முதல் 5 பங்கு இருக்கும். ஓ து துவாலெத் வகையில் 5 முதல் 15 பங்கு. ஓ து பர்ஃபான் என்றால் 15 முதல் 20 பங்கு வரை. நீண்ட நேரம் நிற்கிறதே, கொடுத்த காசுக்குத் தகும் என்று எல்லாரும் கடைசி வகைக்கே போகிறார்கள். நம் கோடைப் பகலுக்கு முதல் இரண்டுமே போதும். மணம் போய்விட்டால் மூன்று மணிக்கு முகம் கழுவி, கழுத்தைத் துடைத்துவிட்டு இன்னொரு முறை அடித்துக்கொள்ளலாம். 10 மில்லி சின்னப் பாட்டிலில் ஊற்றிப் பையில் வைத்துக்கொண்டால் வேலை முடிந்தது.

துடைத்துவிட்டு என்பதை அழுத்திச் சொல்கிறேன். வியர்வைக்குத் தனியாக வாடை அவ்வளவு இல்லை. தோலில் உள்ள பாக்டீரியா அதைச் சிதைக்கும்போதுதான் நாற்றம் வருகிறது. அதன் மேல் சென்ட் அடித்தால் நாற்றம் மறையாது, சென்ட்டும் கெடும். குளித்துத் துவட்டியவுடன் பூசுவதே சரி. வறண்ட தோலில் மணம் தங்காது; அப்படிப்பட்டவர்கள் வாசனையில்லாத க்ரீமை மெல்லிதாகத் தடவிக்கொண்டு அதன் மேல் அடிக்கலாம். தேங்காய் எண்ணெய் வேண்டாம், அதற்கே ஒரு மணம் இருக்கிறது. மணிக்கட்டில் அடித்து இரண்டு கையையும் தேய்க்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். தேய்க்கும் சூட்டில் மேல்மணம் இன்னும் விரைவாகப் போய்விடும்.

கடைக்குள் முடிவு செய்யாதீர்கள்

புதுச்சேரி நேரு வீதியில் உள்ள கடை எதற்குள் நுழைந்தாலும் ஏசி ஓடிக்கொண்டிருக்கும். விற்பனையாளர் ஒரு காகிதப் பட்டையில் அடித்து நீட்டுவார். குளிர்ந்த அறை, வியர்க்காத காகிதம், பறந்துபோகாத மேல்மணம். அங்கே எந்த சென்ட்டும் நன்றாகத்தான் இருக்கும்! பெரும்பாலானோர் அந்த இரண்டு நிமிடத்தை நம்பிப் பணம் கொடுத்துவிடுகிறார்கள்.

நான் செய்வது இதுதான். காகிதத்தில் பிடித்ததை ஒரு கை மணிக்கட்டில் மட்டும் அடித்துக்கொண்டு, எதையும் வாங்காமல் வெளியே வந்துவிடுவேன். அப்படியே கிழக்கே நடந்து கடற்கரைக்குப் போய், காந்தி சிலை அருகே கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத் திரும்புவேன். அரை மணி, முக்கால் மணி நேரம் ஆகும். அதற்குள் வெயில், வியர்வை, உப்புக்காற்று எல்லாம் பட்டிருக்கும். அப்போது மணிக்கட்டில் எஞ்சியிருப்பதே நான் தினமும் சுமக்கப்போகும் மணம். தோல் உடனே அரித்தாலோ சிவந்தாலோ அதுவும் தெரிந்துவிடும். ஒரு நாளில் மூன்றுக்கு மேல் சோதிக்க மாட்டேன், மூக்கு தடுமாறிவிடும். சில கடைகளில் இடையிடையே முகர்ந்து பார்க்கக் காபிக் கொட்டை வைத்திருப்பார்கள். வெளியே வந்து சாதாரணக் காற்றைச் சுவாசித்தாலே போதும்.

மூக்கு பழகிப்போவது வீட்டிலும் நடக்கும். ஒரே மணத்தைத் தொடர்ந்து முகர்ந்தால் சில நிமிடங்களிலேயே மூக்கு அதைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். தினமும் ஒரே சென்ட் பூசுகிறவர்கள், மணம் குறைந்துவிட்டது என்று நினைத்து அளவைக் கூட்டிக்கொண்டே போவது இதனால்தான். வீட்டில் உள்ளவர்களைக் கேளுங்கள். கை நீட்டும் தூரத்தில் நின்றால் லேசாகத் தெரிய வேண்டும், கூடத்தைத் தாண்டி வரக் கூடாது. ஏசி அலுவலகத்தில் வேலை என்றால் இன்னும் குறையுங்கள்; ஜன்னல் திறக்காத அறையில் ஒருவரின் மணத்தைப் பத்துப் பேர் நாள் முழுக்கச் சுவாசிக்க வேண்டியிருக்கும். ஆஸ்துமாவும் ஒற்றைத் தலைவலியும் உள்ளவர்கள் அந்தப் பத்துப் பேரில் இருக்கலாம்.

மழைநாள்

வடகிழக்குப் பருவமழை இறங்கியதும் பலர் சென்ட்டை மறந்துவிடுகிறார்கள். உண்மையில் அகில், சந்தனம், கிராம்பு, லேசான வனிலா ஆகியவற்றை ரசிக்கக் கிடைக்கும் நாட்கள் அவைதான். வெப்பம் தணிந்திருப்பதால் அவை அடங்கி, நெருக்கமாக மணக்கும். கோடைக்கு வாங்கிய எலுமிச்சை சென்ட் அப்போது ஒல்லியாக, ஒட்டாமல் நிற்கும்.

மழைக்காலத் தவறு ஒன்று உண்டு: சரியாகக் காயாத துணியில் பூசணவாடை அடிக்கிறது என்று அதன் மேல் சென்ட் அடிப்பது. இரண்டும் கலந்து மூன்றாவதாக ஒரு நாற்றம் பிறக்கும். துணியை மின்விசிறிக்குக் கீழே முழுக்க உலர்த்தி, பாட்டிமார் செய்ததுபோல் சாம்பிராணிப் புகை காட்டுங்கள். அந்தப் புகைக்கு மேல் சந்தன அத்தர் ஒரு சொட்டு போதும். முதல் மழையின் மண்வாசனையை விரும்புகிறவர்களுக்கு, உத்தரப் பிரதேசத்தின் கன்னோஜில் சுட்ட மண்ணை வடித்து எடுக்கும் மண் அத்தர் கிடைக்கிறது. அடைமழையின் நடுவில் அதைப் பூசினால் தெரியாது. காய்ந்த பங்குனி நாளில் பூசிப் பாருங்கள், மனம் நனைந்துவிடும்.

மனநிலைக்கு அட்டவணை இல்லை

லாவெண்டர் அமைதி தரும், எலுமிச்சை உற்சாகம் தரும், ரோஜா காதலைத் தூண்டும் என்று எழுதி வைத்திருப்பதை நம்பி வாங்குவதை நான் தவறு என்றே சொல்வேன். மூக்கிலிருந்து கிளம்பும் நரம்புச் செய்தி, மூளையில் உணர்ச்சியையும் நினைவையும் கையாளும் பகுதிகளுக்கு நேராகவே போய்ச் சேருகிறது. பார்வையும் ஒலியும் வேறோர் இடைநிலையம் வழியாகத்தான் போகும். அதனால் ஒரு மணம் உங்களுக்குள் எதைக் கிளப்பும் என்பது பெரும்பாலும் உங்கள் வாழ்க்கையைப் பொறுத்தது. பன்னீர் மணம் ஒருவருக்குக் கல்யாண வாசலில் தெளித்த செம்பை நினைவூட்டும். இன்னொருவருக்கு அதே மணம் அப்பாவைக் கடைசியாகக் கிடத்தியிருந்த கூடத்தை நினைவூட்டும். இரண்டு பேருக்கும் ஒரே அட்டவணை எப்படிச் சரியாகும்?

புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தில் அன்னை எண்ணூறுக்கும் மேற்பட்ட மலர்களுக்குப் பொருள் சூட்டினார். நாகலிங்கப் பூ வளம், மரமல்லி உருமாற்றம். ஒவ்வொரு பூவின் முன்னும் நின்று உணர்ந்து பெயரிட்ட அந்தக் கவனத்தை நாம் எடுத்துக்கொள்ளலாம். ஒரு சிறு நோட்டில் எழுதுங்கள்: எந்த மணம், எந்த நாள், மனம் எப்படி இருந்தது. பதினைந்து நாளில் உங்களுக்கான அகராதி உருவாகத் தொடங்கும். என் நோட்டில் மரிக்கொழுந்துக்கு எதிரே தைரியம் என்று இருக்கிறது. பள்ளி நாடகத்தன்று அம்மா சட்டைப் பையில் மரிக்கொழுந்து வைத்து அனுப்பியதால் இருக்கலாம்.

மணம் நினைவோடு ஒட்டிக்கொள்வதால் ஒரு எச்சரிக்கையும் உண்டு. என் அக்கா, மாமா மருத்துவமனையில் இருந்த மூன்று வாரமும் தனக்கு மிகப் பிடித்த சென்ட்டையே பூசிக்கொண்டு போனார். மாமா நலமாகத் திரும்பிவிட்டார். அக்காவால் மட்டும் அந்தப் பாட்டிலைத் திறக்க முடியவில்லை. துயரமான நாட்களில் உங்களுக்கு நெருக்கமான மணத்தை ஒதுக்கி வைத்துவிடுங்கள். மருத்துவமனைக்கும் துக்க வீட்டுக்கும் தேர்வுக் கூடத்துக்கும் எதுவும் பூசாமல் போவதே பிறருக்கும் நல்லது. கூபேர் மார்க்கெட்டில் வாங்கிய மல்லிகையைத் தலை நிறைய வைத்திருக்கும் நாளில் மல்லிகை சென்ட்டும் தேவையில்லை. நிஜப் பூவின் முன்னால் அது தோற்றுவிடும்.

விளக்கு, பட்டு, வண்டிப் பெட்டி

சென்ட்டில் பெரும்பகுதி ஆல்கஹால், எளிதில் தீப்பிடிக்கும். கார்த்திகை தீபத்தன்று அவசரமாக அடித்துக்கொண்டு அகல் ஏற்றக் குனிகிறவர்களைப் பார்த்தால் எனக்கு நெஞ்சு பதறும். அடித்து நன்றாக உலர்ந்த பிறகே விளக்கருகே, அடுப்பருகே போங்கள். பட்டின் மேலும் முத்து நகையின் மேலும் படக் கூடாது, கறையும் மங்கலும் வரும். எலுமிச்சை எண்ணெயை நேராகத் தோலில் தடவி வெயிலில் போனால் தோல் கருத்துப் புண்ணாகலாம்.

வெப்பமும் வெளிச்சமும் ஈரமும் சென்ட்டைக் கெடுக்கும். குளியலறை அலமாரி, ஜன்னல் ஓரம், வெயிலில் நிற்கும் ஸ்கூட்டரின் இருக்கைக்கு அடியில் உள்ள பெட்டி ஆகிய மூன்றும் ஆகாத இடங்கள். வாங்கிய அட்டைப் பெட்டியோடு துணி பீரோவுக்குள் வையுங்கள். சித்தப்பா கொடுத்த பாட்டில் என் பீரோவில் அப்படித்தான் இருக்கிறது. ஐப்பசியில் மழை பிடித்த பிறகு எடுப்பேன். சட்டைக்குள், மார்பில், ஒரே ஒரு முறை.