அலுமினியப் படகில் நிற்காத கசிவு: தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிம்கோ ஏரி, ரைஸ் ஏரி என்று ஒன்ராறியோ பக்கம் மீன்பிடிக்கப் போகிறவர்களிடம் 14 அடி, 16 அடி அலுமினியப் படகுகளை நிறையப் பார்க்கலாம். பல கை மாறி, 30, 40 வருடம் உழைத்த படகுகளும் அதில் உண்டு. நம் ஆட்களில் பலரும் முதலில் வாங்குவது இப்படி ஒன்றைத்தான். இரண்டு மணி நேரம் தண்ணீரில் நின்றால் காலடி நனைய ஆரம்பிக்கும். உடனே கடைக்குப் போய் ஒரு டியூப் சீலன்ட் வாங்கி, சந்தேகப்பட்ட இடமெல்லாம் பூசுவார்கள். அடுத்த வருடமும் அதே டியூப், அதே இடம். எத்தனை பூசியும் நிற்காத கசிவு என்கிறார்களே, அது எங்கே இருக்கிறது என்று அநேகமாக யாரும் இன்னும் பார்த்திருக்க மாட்டார்கள்.

தேடி முடிக்கும் முன் பூச ஆரம்பிப்பதுதான் முதல் தவறு. மற்ற பெரும்பாலான தவறுகள் அதிலிருந்து கிளைப்பவை.

தண்ணீர் நிற்கிற இடத்தையே ஓட்டை என்று நினைப்பது

இந்தப் படகுகளில் பெரும்பாலானவை ரிவெட், அதாவது தகடுகளைச் சேர்த்து இறுக்கும் தலையுள்ள உலோக ஆணி, அடித்தவை. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, போர் விமானங்கள் கட்டிய கிரம்மன் நிறுவனம் அதே தகட்டு வேலையை வைத்து கனூ என்கிற ஒடுக்கமான துடுப்புப் படகை அலுமினியத்தில் செய்தது. 1940களின் பிற்பகுதியில் மினசோட்டாவில் அலுமாகிராஃப்ட், லண்ட் போன்ற நிறுவனங்களும் கிளம்பின. தகட்டின் மேல் தகடு வைத்து நூற்றுக்கணக்கான ரிவெட்டுகளால் இறுக்கிய கட்டுமானம் அது. உள்ளே குறுக்கு விலாக்கள், நடுவில் முன்னிருந்து பின்வரை முதுகெலும்பு போல ஓடும் கீல், பின்னால் இன்ஜின் மாட்டும் பின்சுவரான டிரான்சம்.

முன்பக்கம் ஒரு ரிவெட் வழியாக உள்ளே வரும் நீர், கீலை ஒட்டிய பள்ளத்தில் வழிந்து பின்னால் வந்து தேங்கும். படகின் பின்பக்கம்தான் தாழ்ந்திருக்கும், இன்ஜினும் ஆளும் அங்கேதானே. அதனால் எந்த ஓட்டையாக இருந்தாலும் தண்ணீர் தெரிவது டிரான்சம் அருகில்தான். அதைப் பார்த்து டிரான்சம் மூலையெல்லாம் பூசினால், நீர் வருகிற இடத்தைத் தொடவே இல்லை.

தரையின் அடியில் தேங்கிய பழைய மழைத் தண்ணீரும் ஆளை ஏமாற்றும். தரைக்குக் கீழே மிதவை நுரை அடைத்த படகு என்றால் இன்னும் மோசம். நுரை உறிஞ்சிய நீர் நாள் கணக்கில் சொட்டும். படகை டிரெய்லரில் முன்பக்கம் தூக்கி நிறுத்தி, பின்னால் நீரை வடிக்கும் துளையின் பிளக்கைக் கழற்றி, சொட்டு நிற்கிறவரை விட்டுவிடுங்கள். அதற்கு முன் எந்தச் சோதனை செய்தாலும் முடிவை நம்ப முடியாது. அந்த நுரையை மொத்தமாகப் பிய்த்தெறிந்துவிட்டு அப்படியே விடுகிறவர்களும் உண்டு. படகு நீரால் நிறைந்தாலும் மூழ்காமல் தாங்குவது அதுதான். ஊறிப்போனதை எடுத்தால் அதே அளவு புது நுரை போட்டே ஆக வேண்டும்.

எப்போது கசிகிறது என்று கவனிக்காமல் விடுவது

செலவே இல்லாத சோதனை இது, ஆனால் பலர் செய்வதில்லை. படகை உள்ளே துணியால் ஒற்றி உலர்த்திவிட்டு, நங்கூரத்தில் ஒரு மணி நேரம் நிறுத்துங்கள். உள்ளே சேர்ந்ததை அளவுக் குவளையால் மொண்டு எழுதி வையுங்கள். அப்புறம் ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். அதற்கடுத்து, பிடித்த மீனை உயிரோடு வைக்கும் தொட்டியின் பம்பை மட்டும் போட்டு நிறுத்திப் பாருங்கள்.

நிற்கும்போதும் ஓடும்போதும் ஒரே அளவு வந்தால், நீர்மட்டத்துக்குக் கீழே எப்போதும் திறந்திருக்கிற ஏதோ ஒன்று. ஓடும்போது மட்டும் வந்தால், அலை அடிக்கும்போது தகடு அசைந்து வாய் திறக்கிற ரிவெட்டோ விரிசலோ இருக்கலாம். முன்பக்கக் கீலையும் விலாக்கள் சேரும் இடங்களையும் முதலில் பாருங்கள். பம்ப் போட்டால் மட்டும் வந்தால் அடித்தகட்டை விட்டுவிடுங்கள். குழாயில் வெடிப்போ, கிளாம்ப் தளர்ந்ததோ, தொட்டியின் வடிகால் இணைப்போ காரணம். பின்பக்கம் ஆள் ஏறி உட்கார்ந்தால் மட்டும் வருகிறதென்றால், வழக்கமாக நீர்மட்டத்துக்கு மேலே இருக்கிற துளை ஒன்று அப்போது கீழே இறங்குகிறது. இன்ஜின் போல்ட், மீன் தேடும் கருவியின் சென்சாரை முடுக்கிய திருகு, பழைய சொந்தக்காரர் எதையோ கழற்றிவிட்டு மூடாமல் விட்ட துளை, எல்லாமே அங்கேதான் இருக்கும்.

டிரெயின் பிளக்கை யாரும் சந்தேகப்படுவதில்லை. ரப்பர் வெடித்திருந்தால் கையில் பிடித்துப் பார்த்தாலே தெரியும். தெரியாதது அதன் குழாய். டிரான்சத்தின் உள்ளே பிளைவுட், அதைத் துளைத்துக்கொண்டு பித்தளைக் குழாய். குழாயின் விளிம்பு அரித்துப்போனால் பிளக் எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் நீர் குழாயைச் சுற்றி உள்ளே வரும், பிளைவுட்டையும் ஊறவைக்கும். டிரான்சத்தைத் தட்டிப் பாருங்கள். மொத்தென்று சத்தம் வந்தால் மரம் ஊறியிருக்கலாம்.

டிரெய்லரில் வைத்து விளிம்புவரை நிரப்புவது

கரையில் வைத்து உள்ளே தண்ணீர் விட்டு, வெளியே எங்கே சொட்டுகிறது என்று பார்ப்பது நல்ல முறை. இதைவிட நம்பகமான வழி எனக்குத் தெரியாது. ஆனால் அளவு மீறினால் படகையே கெடுத்துவிடும். நான்கு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலமுள்ள அடிப்பகுதியில் 10 சென்டிமீட்டர் தண்ணீர் நின்றால் 400 லிட்டர், அதாவது 400 கிலோ. ஏரியில் இருக்கும்போது அடித்தகட்டைச் சுற்றி எல்லாப் பக்கமும் நீர் தாங்கும். டிரெய்லரில் தாங்குவது இரண்டு பலகை அல்லது சில உருளைகள் மட்டும். அடித்தகடு தொங்கி, நல்ல ரிவெட்டும் தளரும். டிரெய்லரின் டயரும் அச்சும் தாங்காமல் போகலாம். நிற்கிற படகில் வெளியே நீர்மட்டம் எங்கே இருக்குமோ அதைத் தாண்டக் கூடாது. டிரெய்லரின் எடை வரம்பு அதற்கும் குறைவு என்றால் அதுதான் எல்லை. நடுவில் மரக்கட்டை கொடுத்துத் தாங்கிக்கொள்ளுங்கள், சக்கரத்துக்குத் தடையும் வையுங்கள்.

வெளிப்பக்கத்தை முழுவதும் துடைத்து உலர்த்திய பிறகே தண்ணீர் விட ஆரம்பியுங்கள். ரிவெட் வரிசை, தகடு சேரும் கோடு, கீலின் இரு ஓரம் எல்லாவற்றிலும் சாக்குக்கட்டியைத் தேய்த்துவிட்டால் வேலை சுலபம். வெள்ளைத் தூளில் முதலில் ஒரு பொட்டு கருக்கும், பிறகு அது கீழ்நோக்கி நீளும். அந்தப் பொட்டின் மேல் முனைதான் உங்களுக்கு வேண்டியது. சொட்டு விழுகிற இடம் சில அங்குலம் தள்ளி இருக்கும், அதை வட்டமிடாதீர்கள். கருத்த உடனே மார்க்கரால் குறித்துவிடுங்கள். அரை மணி நேரம் கழித்து வந்தால் எல்லாம் ஈரமாகி ஒன்றும் புரியாது.

ஒன்றைக் கண்டதும் நிறுத்திவிடுவதும் தவறுதான். பழைய படகில் ஒரே ஒரு கசிவு இருப்பது அபூர்வம். நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, ஒவ்வொரு மட்டத்திலும் காத்திருந்து, கண்டதையெல்லாம் குறித்துவிட்டுத்தான் வடிக்க வேண்டும்.

தளர்ந்த ரிவெட் தண்ணீர் இல்லாமலே தன்னைக் காட்டிக்கொடுப்பதும் உண்டு. தலையைச் சுற்றி மெல்லிய கருப்பு வளையம், சில சமயம் அதிலிருந்து பின்னோக்கி ஒரு சாம்பல் கோடு. உலோகம் உலோகத்தோடு உரசி வந்த தூள் அது. ஒரு விரல் நுனியைத் தலையின் விளிம்பில், பாதி ரிவெட்டிலும் பாதி தகட்டிலும் படும்படி வையுங்கள். இன்னொருவரை உள்ளேயிருந்து பக்கத்தில் தட்டச் சொல்லுங்கள். தகடு வேறு, ரிவெட் வேறாக அதிர்வது விரலுக்குத் தெரியும்.

கையில் கிடைத்ததைப் பூசுவது

குளியலறைக்கு வாங்கிய சிலிகான் வேண்டவே வேண்டாம். அலுமினியத்தில், நீர்மட்டத்துக்குக் கீழே அது நீண்ட நாள் பிடித்து நிற்காது. அதைவிடப் பெரிய கெடுதல், அது விட்டுச்செல்லும் வழவழப்பின் மேல் பிறகு எந்த நல்ல பொருளும் ஒட்டாது. கூரைத் தார், லாரியின் சரக்குத் தளத்துக்கு அடிக்கும் தடித்த கோட்டிங் எல்லாம் கசிவை மறைக்கும், எடையைக் கூட்டும். அடுத்து தேட வருகிறவருக்கு ரிவெட்டே தெரியாது.

தளர்ந்த ரிவெட்டுக்கு மருந்து பூச்சு இல்லை, இறுக்குவதுதான். ஒருவர் வெளியே கனமான இரும்புக் கட்டையை ரிவெட் தலையில் அழுத்திப் பிடிக்க, மற்றவர் உள்ளே அதன் வால் பக்கத்தைச் சுத்தியலால் அளவாக அடிக்க வேண்டும். ஆத்திரத்தில் அடித்தால் தகடு நசுங்கி துளை பெரிதாகும், பக்கத்து ரிவெட்டும் தளரும். தலை தேய்ந்தோ துளை பெரிதாகியோ இருந்தால் துளையிட்டு எடுத்துவிட்டு, ஓர் அளவு பெரிய ரிவெட் போடலாம். உள்ளே கை போகாத இடத்தில், ஒரே பக்கமிருந்து கருவியால் கம்பியை இழுத்துப் பொருத்தும் பாப் ரிவெட் போட நேர்ந்தால் முனை மூடிய வகையையே வாங்குங்கள். சாதாரண பாப் ரிவெட்டின் நடுவே கம்பி போன துளை இருக்கிறது. அதைப் போடுவது ஒரு கசிவை எடுத்துவிட்டு இன்னொன்றை வைப்பதுதான்.

இறுக்கிய பிறகும் தகடு சேரும் கோட்டில் ஈரம் கசிந்தால் அப்போது பூச்சு. உட்புறம் பூச க்ளூவிட் போன்ற இரண்டு பாக எபாக்ஸி இதற்கென்றே இருக்கிறது. போல்ட், பொருத்திகளுக்குக் கடல்தரப் பாலியூரித்தேன் சீலன்ட் போதும். அதில் 3எம் 5200 ஏறக்குறைய நிரந்தரம். பின்னாளில் கழற்ற வேண்டிய எதற்கும் அதைப் போடாதீர்கள். எதைப் பூசினாலும் பழைய பூச்சைச் சுரண்டி, எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, துளி ஈரமும் இல்லாமல் உலரவிட்ட பிறகே பூச வேண்டும். முழுதாக இறுக ஒரு வாரம்கூட ஆகும். மறுநாளே ஏரியில் இறக்கிவிட்டுப் பொருளைக் குறை சொல்வதில் நியாயமில்லை.

வெல்டிங் வைத்தால் ஒரேயடியாகத் தீருமே என்று கேட்பார்கள். ரிவெட் படகில் பொதுவாக வேண்டாம் என்பேன். தகடுகளுக்கு நடுவே பழைய சீலன்டும் அழுக்கும் இருக்கிறது, மெல்லிய தகடு சூட்டில் நெளியும், அக்கம்பக்கத்து ரிவெட்டுகள் இளகும். ஒரு கசிவை மூடப் போய் ஐந்து திறக்கும். முழுதும் வெல்டிங் செய்து கட்டிய படகின் விரிசல் வேறு விஷயம். அதை அலுமினியம் தெரிந்த வெல்டரிடம் கொடுங்கள்.

புதுப்பிக்கிறேன் என்று புது ஓட்டைக்கு வழி செய்வது

தரையோ டிரான்சமோ இற்றுப்போனால், மக்காத மரம் என்று பதப்படுத்திய பிளைவுட்டை வாங்கிப் போடுகிறார்கள். வட அமெரிக்காவில் 2004 முதல் வீட்டு உபயோகத்துக்கு வரும் பதப்படுத்திய மரத்தில் பெரும்பாலும் செம்புதான் மருந்து. ஈரம், செம்பு, அலுமினியம் மூன்றும் சேர்ந்தால் அலுமினியம் கரைந்துகொண்டே போகும். சில வருடத்தில் தகட்டில் ஊசித்துளைகள் விழும். ரிவெட் கசிவையாவது இறுக்கலாம், இதற்குத் தகட்டையே வெட்டி ஒட்டுப் போட வேண்டி வரும். சாதாரணக் கடல்தர பிளைவுட்டை எடுத்து, எபாக்ஸி பூசி மூடிப் போடுங்கள்.

அடியில் விழுந்துகிடக்கும் ஈயக் குண்டு, பழைய செம்புக் காசு, பித்தளைத் திருகு எல்லாம் இதே வேலையைச் சிறிய அளவில் செய்யும். ஈரக் கம்பளமும் மக்கிய இலையும் தகட்டை ஒட்டிக் கிடந்தால் காற்றுப் படாமல் அங்கே குழி விழும். செம்பு கலந்த அடிப்பகுதிப் பெயின்ட் அலுமினியப் படகுக்கு ஆகவே ஆகாது. குளிர்காலத்தில் பிளக்கைக் கழற்றி, பின்பக்கம் தாழ்த்தி வையுங்கள். தகடுகளின் இடுக்கில் நின்ற நீர் உறைந்து விரிந்தால் இறுக்கிய ரிவெட்டும் தளரும்.

அடியில் சேரும் நீரை இறைத்து வெளியேற்றும் பில்ஜ் பம்ப் இருக்கிறதே என்று கசிவை அப்படியே விடுவதுதான் எனக்குப் பயமான தவறு. கசிவு கூடிக்கொண்டே வருவதைப் பம்ப் மறைத்துவிடும். ஒருநாள் பேட்டரி இறங்கினால், நடு ஏரியில் அத்தனை நாள் மறைந்திருந்த தண்ணீரும் சேர்ந்து தெரியும். தண்ணீர் ஏறிய படகில் ஒரு பக்கம் சாய்ந்தால் நீரும் அந்தப் பக்கமே ஓடிக் கவிழ்க்கப் பார்க்கும். கசிவு தீரும்வரை கரையோரமாக ஓட்டுங்கள், உயிர்காப்பு மேலாடையைப் போட்டுக்கொள்ளுங்கள், கையால் மொள்ள ஒரு வாளி வைத்திருங்கள்.

பெயின்ட் அடிக்கும் முன், பூச்சு முழுதாக இறுகிய பின், அதே நீர்ச் சோதனையை மறுபடி செய்து, முன்பு குறித்த வட்டங்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். பிறகு ஏரியில் அதே ஒரு மணி நேரம், அதே குவளை. பழைய ரிவெட் படகில் நாள் முழுவதும் இருந்துவிட்டு வரும்போது அரை லிட்டர் சேர்ந்திருந்தால், அது கூடாமல் அப்படியே இருக்கிறவரை நான் அதைத் துரத்த மாட்டேன். பஞ்சால் ஒற்றி எடுத்துவிட்டுக் கிளம்பிவிடுவேன்.