சதுப்பு மண்ணில் கால்வாய்க்கு விலை போடுவது

தங்கச்சி மகன் ஜி1 (சின்னக் குத்தகைக்காரருக்கான) லைசென்ஸ் எடுத்த கையோடு ஒரு கொட்டேஷனைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தான். பழைய லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு)ப் பின்னால் 100 மீட்டர் கான்கிரீட் கால்வாய், 45,000 வெள்ளி (ரிங்கிட்). கடைசி வரியில் "எதிர்பாராத செலவு 10 விழுக்காடு, 4,500".

"எதையெல்லாம்டா எதிர்பார்க்கல?"

"தெரியல மாமா, எல்லாரும் அப்படித்தானே போடுறாங்க."

மலேசியாவின் தெலுக் இந்தானில் முப்பது வருடமாகச் சின்னக் குத்தகை எடுத்துச் செய்கிறவன் நான். அந்த வரியை அடித்துவிட்டு அவனுக்குச் சொன்னதை எழுதுகிறேன்.

அளவை நீயே எடு. உள் அகலம் 600 மில்லிமீட்டர், உயரம் 600, சுவரும் அடித்தளமும் 125 கனம். அடித்தளம் 0.85 × 0.125, இரண்டு சுவர் 2 × 0.6 × 0.125, மீட்டருக்கு 0.256 கன மீட்டர் கான்கிரீட். 100 மீட்டருக்கு 25.6. கான்கிரீட் சிந்தும், ஊற்றும் அச்சுப் பலகை வயிறு தள்ளும். 5 விழுக்காடு சேர்த்து 27 என்று எழுது.

பையன் வழுக்கியது பி.ஆர்.சி. கம்பி வலையில், அதாவது கான்கிரீட்டுக்குள் வைக்கும் பற்றவைத்த இரும்பு வலையில். வலை 6 மீட்டர் நீளம், 2.2 அகலம். அகலவாக்கில் 'ப' மாதிரி மடக்கினால் அடித்தளமும் இரு சுவரும் ஒரே வலையில் அடங்கிவிடும். அது சரி. ஆனால் 100-ஐ 6-ஆல் வகுத்து 17 வலை என்று எழுதியிருந்தான். ஒன்றின்மேல் ஒன்று 300 மில்லிமீட்டர் ஏறி உட்கார வேண்டாமா? முதல் வலைக்குப் பிறகு ஒவ்வொன்றும் 5.7 மீட்டர்தான் போகும். 17 வலை 97.2 மீட்டரோடு நின்றுவிடும். பதினெட்டாவது வலைக்காக இன்னொரு தடவை லோரி பிடித்துப் பார், கூலி வலை விலையைத் தாண்டிவிடும். மண்ணும் இப்படித்தான் ஏமாற்றும். நிலத்தில் 120 கன மீட்டராக இருக்கும் களிமண், வாரிப் போட்டால் உப்பி 150-க்கு மேல் போகும். லோரிக்காரர் உப்பிய மண்ணுக்குத்தான் காசு கேட்பார்.

இனி ஆபத்து. நம் ஊர்ச் சாய்ந்த கோபுரம் 1885-இல் கட்டியது. அடியில் இளகிய மண், மேலே தண்ணீர்த் தொட்டி. தினமும் அதைத் தாண்டிப் போய்க்கொண்டே மண்ணைத் தொட்டுப் பார்க்காமல் விலை போடுகிறோம். நானும் போட்டேன். ஒரு செம்பனைத் தோட்டத்தில், கால்வாய் ஊற்றிய மூன்றாம் மாதம் நடுவில் 30 மீட்டர் உட்கார்ந்துவிட்டது. உடைத்து, பக்காவ் (சதுப்புநில மரக்) கம்பு அடித்து, மறுபடி ஊற்றினேன். லாபம் போய், வீட்டுக்காரியின் சங்கிலியும் அடகுக்குப் போனது.

அதனால், விலை எழுதுமுன் 12 மில்லி இரும்புக் கம்பி ஒன்றை எடுத்துக்கொண்டு போ. பத்து மீட்டருக்கு ஓர் இடத்தில் கையால் அழுத்து. முழங்கால் ஆழத்துக்குச் சிரமமில்லாமல் இறங்கினால் அந்த இடத்துக்குச் சிவப்புக் குறி. லயத்துப் பாட்டிமார்களிடம் மாடு எங்கே சேற்றில் புதைந்தது என்று கேள். வரைபடத்தில் இல்லாததைச் சொல்வார்கள்.

குறித்த ஒவ்வொன்றுக்கும் தனி வரி போடு: நடந்தால் எவ்வளவு, நடக்க எத்தனை வாய்ப்பு, யார் தலையில் விழும். இவன் இடத்தில் 40 மீட்டர் சந்தேகம். சரி செய்ய மீட்டருக்கு 150, ஆக 6,000 வெள்ளி. பாதிக்குப் பாதி வாய்ப்பு என்று 3,000 போடலாம். பத்து வேலை வைத்திருக்கிறவனுக்கு அது சரிப்படும், ஒன்றில் போனது இன்னொன்றில் வரும். ஒரே வேலை வைத்திருக்கிறவனுக்கு மண் மோசம் என்றால் முழு 6,000-மும் வேண்டும். எனவே அதை மொத்த விலையில் சேர்க்காதே. "மெதுமண் கண்டால், இரு தரப்பும் அளந்து, மீட்டருக்கு 150 வெள்ளி" என்று தனியாக எழுதிக் கையெழுத்து வாங்கு.

மழையில் வாய்ப்புக் கணக்கெல்லாம் கிடையாது. அக்டோபரில் தொடங்கினால் சாயங்கால மழை நிச்சயம். 6 ஆள், 5 நாள், ஆளுக்கு 120: 3,600-ஐ முழுசாகப் போடு. சீனப் பெருநாளை ஒட்டிய வேலை என்றால் ஹார்ட்வேர் கடை பூட்டிக் கிடப்பதையும் எண்ணிக்கொள்.

விலையேற்றத்துக்கு ஒரு வரி போதும்: "இந்த விலை 30 நாளுக்கு." 2024 ஜூன் 10 அன்று தீபகற்பத்தில் டீசல் ஒரே இரவில் 2.15-இலிருந்து 3.35 வெள்ளிக்கு ஏறியது ஞாபகம் இருக்கிறதல்லவா.

காசு வராமல் போவதும் ஆபத்துதான். "எனக்கு மேலேயிருந்து காசு வந்தால்தான் உனக்கு" என்ற நிபந்தனை, 2014 ஏப்ரல் 15 முதல் நடப்பிலிருக்கும் சிப்பா (கட்டுமானக் கூலிப் பணம் பற்றிய) சட்டத்தின்படி செல்லாது. ஆனால் அந்தச் சட்டம் எழுத்தில் உள்ள ஒப்பந்தத்துக்கு மட்டும். கோப்பிக் கடையில் கைகுலுக்கியதற்கு உதவாது.

எல்லாம் கூட்டிப் பார்த்தோம். 4,500 போன இடத்தில் மழைக்கான 3,600 மட்டும். விலை குறைந்துவிட்டது என்று பையனுக்கு ஆச்சரியம். சனிக்கிழமை கம்பியோடு போனவன் அங்கிருந்தே போன் அடித்தான்: "மாமா, மெதுமண் 40 மீட்டர் இல்ல, 55."