டைமிங் செயினை இணைக்கும்போது ஒரு நூல் துண்டு

குன்னூரில் காலை ஏழு மணிக்குப் பட்டறையைத் திறந்தால் விரல்கள் விறைத்துப் போயிருக்கும். அந்த விரல்களால் டைமிங் செயினின் (கிராங்க் தண்டின் சுற்றை, வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டுக்குக் கொண்டுபோகும் சங்கிலி) இரு முனைகளையும் சேர்க்கும் இணைப்புக் கண்ணிக்கு கிளிப் மாட்டப் பார்த்தால், அது வழுக்கி நேராக எஞ்சினுக்குள் விழும். எனக்கு ஒருமுறை விழுந்தது. எண்ணெய்த் தொட்டியைக் கழற்றி எடுப்பதற்குள் ஒரு பகல் போய்விட்டது.

அன்றிலிருந்து கிளிப்பில் ஒரு முழ நூலைக் கட்டிக்கொண்டுதான் மாட்டுகிறேன். விழுந்தாலும் இழுத்துவிடலாம். செயினுக்குக் கீழே உள்ள பள்ளத்தைப் பஞ்சு உதிராத துணியால் அடைத்துவிடுங்கள். முடிந்ததும் அதை எடுக்க மறக்க வேண்டாம்!

கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும். திறந்த முனை முன்னால் இருந்தால், எதிலாவது உரசிக் கழன்றுவிடும். கிளிப்புக்குப் பதிலாக ஊசியின் முனையை நசுக்கி நிலையாக்கும் ரிவெட் கண்ணி என்றால் அதற்குரிய கருவியால்தான் அடிக்க வேண்டும். சுத்தியல் வேலை இங்கே ஆகாது. என் ஓட்டு ரிவெட்டுக்கே. ஊட்டி–மசினகுடி கல்லட்டிச் சாலையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டாம் கியரில் எஞ்சின் உறுமிக்கொண்டு இறங்கும் வண்டிக்கு கிளிப்பை நம்ப மனம் வரவில்லை.

செயினைத் தளராமல் இழுத்துப் பிடிக்கும் டென்ஷனரைப் பொருத்தியபின் கிராங்கைக் கையால், எஞ்சின் சுற்றும் திசையிலேயே, இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். கிராங்க், கேம் குறிகள் மறுபடி நேர்கோட்டுக்கு வந்தால் மட்டுமே சாவியைத் தொடலாம். நடுவில் இடித்து நின்றால் பலம் காட்டாதீர்கள். வால்வு பிஸ்டனில் மோதுகிறது.