வட்டத்துக்குள் உங்கள் முகம்: வன்னியின் சிறுதொழில்களுக்கான படம் எடுப்பது எப்படி

புதுக்குடியிருப்பில் அரைத்த மிளகாய்த்தூளைக் கொழும்பிலிருந்தோ ரொறன்ரோவிலிருந்தோ வட்ஸ்அப் மூலம் கேட்டு வாங்குபவர், விற்பவரின் கடை வாசலை ஒருநாளும் மிதித்திருக்கமாட்டார். அவருக்குத் தெரிவதெல்லாம் ஒரு தொலைபேசி இலக்கமும் அதன் அருகே நகத்தளவில் தோன்றும் வட்டப் படமுமே. அங்கே ரோசாப்பூவோ நடிகரின் முகமோ இருந்தால், பணத்தை முன்கூட்டியே வங்கியில் வைப்பிலிடுமாறு கேட்கும் ஒருவரை எதைக்கொண்டு நம்புவதென்று அவர் தயங்குவார். தொழில் செய்பவரின் முகமே அங்கே இருக்கவேண்டும் என்பதும், பொதியைக் கையில் தரும்போது காணும் அதே முகமாக அது இருக்கவேண்டும் என்பதும் என் உறுதியான கருத்து.

இதை நான் பட்டறிந்தே சொல்கிறேன். என் அக்கா கிளிநொச்சியில் தையற்கடை தொடங்கியபோது ஒரு ஸ்ரூடியோவில் படம் எடுத்தோம். அக்காவின் நிறத்தை வெளுப்பாக்கி, பின்னால் ஏதோவொரு வெளிநாட்டுப் பூந்தோட்டத்தையும் சேர்த்துத் தந்தார்கள். முகநூலில் அதைப் பார்த்துவிட்டு வந்த பெண்கள், தையல் இயந்திரத்தின் முன் இருந்த அக்காவிடமே, "கடைக்கார அக்கா இல்லையோ?" என்று கேட்டார்கள். அன்றே அந்தப் படத்தை அகற்றினோம். ஸ்ரூடியோவுக்குப் போவது தவறன்று. நல்ல விளக்கும் கமராவும் அங்கே உண்டு. ஆனால் தோலின் நிறத்தையும் பின்னணியையும் மாற்றவேண்டாம் என்று படம் எடுக்கும் முன்பே சொல்லிவிடவேண்டும்.

கைத்தொலைபேசியில் எடுப்பவர்கள் முதலில் பார்க்கவேண்டியது வெளிச்சத்தை. வன்னி ஏறத்தாழ 9 பாகை வட அகலாங்கில் இருப்பதால், ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஓகஸ்ட் இறுதியிலும் நண்பகற் சூரியன் நேர் உச்சிக்கே வந்துவிடும். மற்ற மாதங்களிலும் மதிய வெயில் பெரும்பாலும் மேலிருந்தே விழுவதால், கண்குழிகள் கறுத்து முகம் களைத்ததுபோலத் தெரியும். காலை 8 மணிக்கு முன்போ மாலை 4.30 மணிக்குப் பின்போ எடுப்பது நல்லது. அது முடியாதபோது, கடை வாசலுக்கு ஓரடி உள்ளே நிழலில் நின்று வெளிப்புறத்தைப் பார்த்தால், முற்றத்து வெளிச்சம் முகத்தில் மென்மையாகப் படியும். உள்ளே எரியும் ரியூப் லைற்றை அணைத்துவிடுங்கள். இரண்டு வெளிச்சங்களும் கலந்தால் முகத்தின் நிறம் பேதப்படும். மாரிகாலத்து மேகமூட்டத்தைப்போல முகத்துக்கு உகந்த வெளிச்சம் வேறில்லை.

செம்மண் புழுதி படிந்த கமரா வில்லையை மெல்லிய துணியால் துடைத்த பின், வேறொருவர் இரண்டு மீற்றர் தூரத்தில் நின்று, உங்கள் கண் மட்டத்தில் தொலைபேசியைப் பிடித்து, சற்றே பெரிதாக்கி எடுக்கட்டும். கையை நீட்டி நாமே எடுக்கும்போது மூக்கு பெருத்துக் காது சிறுத்துவிடும். வட்டம் நான்கு மூலைகளையும் வெட்டிவிடுவதால், பெயர்ப்பலகையை அதற்குள் அடக்க முயலவேண்டாம். முகம் வட்டத்தின் பாதியளவை நிரப்ப, பின்னால் தொழிலைக் காட்டும் ஒரே ஒரு பொருள் மங்கலாகத் தெரிந்தாற் போதும்.

முகத்தை வெளியிட விரும்பாதவர்களும் உண்டு. குடும்பத்தைத் தனித்துத் தாங்கும் பெண்கள் பலர் வாழும் வன்னியில், அந்தத் தயக்கத்துக்குத் தக்க காரணங்கள் இருக்கின்றன. உதவி செய்ய வருகிறவர்கள் எவரும் அவர்களை வற்புறுத்தக்கூடாது. பனையோலைப் பெட்டி இழைக்கும் இரு கைகளை அருகிலிருந்து தெளிவாக எடுத்த படமும் ஆளைச் சொல்லும்; முகம் இல்லாதபோது அந்தக் கைகளே கடையின் அடையாளமாகிவிடும். தொழிலுக்கென்று தனி இலக்கம் வைத்திருப்பது இன்னும் பாதுகாப்பானது. சொந்த இலக்கத்தின் படத்தைத் தெரிந்தவர்களுக்கு மட்டும் தெரியுமாறு வட்ஸ்அப்பில் அமைத்துக்கொள்ளலாம். தொழில் இலக்கத்தின் படமோ எல்லோருக்கும் தெரியவேண்டும்; இல்லாவிட்டால் புதிதாகக் கேட்டு வருபவருக்கு வெறும் சாம்பல்நிற உருவமே தெரியும்.

தெரிவுசெய்த படத்தை வட்ஸ்அப்பிலும் முகநூல் பக்கத்திலும் பொதியின் சிட்டையிலும் ஒன்றாகவே பயன்படுத்துங்கள். முகநூலில் தனிப்பட்ட கணக்குக்கு 5,000 நண்பர்கள் என்ற எல்லை உண்டு என்பதால், தொழிலுக்கென்று தனிப் பக்கம் தொடங்குவதே சரி. அச்சகத்துக்கு அனுப்பும்போது படமாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்பினால் தெளிவு குறையாது. கண்ணாடி போடத் தொடங்கினாலோ தோற்றம் வேறுவிதமாக மாறினாலோ புதுப் படம் எடுத்து, எல்லா இடத்திலும் ஒரே நாளில் மாற்றி, வழமையான வாடிக்கையாளர்களுக்கு முதல்நாளே ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள். படம் திடீரென்று மாறினால், இலக்கம் வேறொருவர் கைக்குப் போய்விட்டதோ என்று அவர்கள் பணம் அனுப்பாமல் நிறுத்திவிடக்கூடும்.