கௌபாய் கதை எழுதணுமா? முதலில் ஆளை எழுதுங்கள்

சேலத்துப் பசங்க என்னிடம் படிக்கக் கொடுக்கும் கௌபாய் குறும்படக் கதைகளில் தொப்பி இருக்கும், துப்பாக்கி இருக்கும், கருப்பூர்ப் பக்கத்து மேக்னசைட் சுரங்கத்தின் வெள்ளை மேடும் கட்டாயம் இருக்கும். ஆள்தான் இருக்க மாட்டான். யார் வீட்டுப் பிள்ளை, எதற்குச் சுடுகிறான் என்று கேட்டால், "அது ஃப்ளாஷ்பேக்ல வரும்ண்ணா" என்பார்கள். மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமா ஸ்டூடியோ இருந்த ஊர்க்காரர்கள் நாம். இதைவிட நன்றாக எழுத முடியும். வேலையின் வரிசையைத்தான் மாற்ற வேண்டும்.

நான் பிடித்துக்கொண்டது ஃபிராங்க் நூஜென்ட் கற்ற வரிசை. அவர் 1936 முதல் 1940 வரை நியூயார்க் டைம்ஸின் சினிமா விமர்சகர். பிறகு ஹாலிவுட். இயக்குநர் ஜான் ஃபோர்டுக்காக 'ஃபோர்ட் அபாச்சி' படத்தை எழுதி அது 1948இல் வந்தபோது வயது ஏறக்குறைய நாற்பது. எழுதவிடுமுன் ஃபோர்டு அவரிடம் ஒரு நீண்ட புத்தகப் பட்டியலைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார். அமெரிக்கப் பழங்குடிகளான அபாச்சிகள் வாழ்ந்த நிலத்துக்கே அனுப்பினார். திரும்பி வந்ததும், போதுமான அளவு தெரிந்துகொண்டாயா என்று கேட்டார். ஆமாம் என்றதும், "சரி, படித்ததை எல்லாம் மற, இனி படம் எழுதலாம்" என்றாராம். அப்போதும் காட்சி எழுதவில்லை. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் முழு வாழ்க்கை வரலாறு: எங்கே பிறந்தான், என்ன படித்தான், என்ன அரசியல், குடிப்பானா.

நீங்களும் முதலில் பஸ் ஏறுங்கள். கொண்டை ஊசி வளைவு இருபதும் தாண்டி ஏற்காட்டில் இறங்கி, எஸ்டேட் மேஸ்திரியிடம் பேசுங்கள். மிளகு சீசனில் சில்வர் ஓக் மரத்தில் ஏணி சாத்துவதைப் பாருங்கள். சாக்கு எங்கே அடுக்குகிறார்கள், ராத்திரி காவலுக்கு யார் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு நோட்டை மூடிவிடுங்கள்.

அடுத்தது ஆள். மிளகுத் திருடனைத் துரத்தும் காவல்காரன் என்று வையுங்கள். அப்பாவும் அதே எஸ்டேட்டில் காவல். இவன் எட்டாவதோடு நின்றவன். பெரிய முதலாளி செத்தபின் மகனை இன்னும் "சின்னய்யா" என்றே கூப்பிடுகிறான். குடிப்பதில்லை, ஏனென்றால் தம்பி குடிப்பான். தம்பிக்குக் கடன் வாங்கிக் கொடுத்தவனும் இவன்தான். இத்தனையும் எழுதினால், திருடன் யார் என்பது தானாக வந்து நிற்கும். இப்படி ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கமாவது எழுதுங்கள், டீ கொண்டுவரும் பையனுக்கும் சேர்த்து. சோம்பல் வரும் இடம் இதுதான்; விட்டுவிடாதீர்கள்.

எழுதியதை வசனத்தில் கொட்டக் கூடாது. நூஜென்ட் எழுதி 1956இல் வந்த 'தி சர்ச்சர்ஸ்' படத்தைப் போட்டுப் பாருங்கள். அண்ணி உள்ளறையில் கொழுந்தனின் கோட்டை எடுத்து மெல்லத் தடவுகிறாள். இந்தப் பக்கம் நடிகர் வார்டு பாண்ட் காபி குடித்தபடி நிற்கிறார். கண்ணில் பட்டும் படாததுபோல் நேரே பார்க்கிறார். அவள் மனசில் இருப்பதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. மூன்று பேருடைய கடந்த காலமும் அங்கே தெரிந்துவிடுகிறது. நான் அலுக்காமல் பார்க்கும் இடம் அது.

பிழைப்பைப் பற்றியும் கேட்கிறீர்கள். விமர்சனம் எழுதுவதை மட்டமாக நினைக்காதீர்கள்; நூஜென்ட்டுக்குக் கை பழகியது அதில்தான். ஒரே வகைக்குள்ளும் அடைபட வேண்டாம். அயர்லாந்துக் கிராமத்துக் கதையான 'தி க்வயட் மேன்'தான் அவருக்கு ஆஸ்கர் பரிந்துரை வாங்கிக் கொடுத்தது.

முதல் பிரதி முடிந்ததும் பாத்திரப் பெயர்களை எல்லாம் மறைத்து, நண்பர் ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள். எந்த வசனம் யாருடையது என்று அவர் தடுமாறினால், அந்த ஆளின் பக்கத்தை எடுத்து மறுபடி எழுதுங்கள்.