தொட்டிச் சக்குலன்ட் வளர்ப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பொள்ளாச்சிப் பக்கம் தென்னைநார்க் கழிவு தாராளமாகக் கிடைப்பதால், தடித்த இலையிலும் தண்டிலும் நீரைச் சேமித்து வைக்கும் சிறு சக்குலன்ட் செடிகளும் பெரும்பாலும் அதிலேயே நட்டு விற்கப்படுகின்றன. வாங்கிவந்த பிறகும் அதை மாற்றாமல் விட்டுவிடுவதுதான் தவறுகளில் பெரியது. நார்க்கழிவு மேலே காய்ந்து வெளிறியிருந்தாலும் உள்ளே பல நாள் ஈரம் காக்கும். விரலை விட்டுப் பார்க்காமல் மறுபடியும் ஊற்றினால் வேருக்குக் காற்று கிடைக்காமல் தண்டின் அடி அழுகிவிடும். இலை மஞ்சளித்து, உள்ளே நீர் கோத்ததுபோல் மினுங்கி, தொட்டதும் உதிர்ந்தால் ஈரம் மிகுதி. சுருங்கித் துவண்டால் தாகம். அடியிலை ஒன்றிரண்டு காய்ந்து சருகாவது இயல்புதான்.

வேரில் ஒட்டிய நார்க்கழிவை உதிர்த்துவிட்டு, ஒரு பங்கு செம்மண்ணுக்கு இரண்டு பங்கு பருமணலும் செங்கல் சில்லும் கலந்து, அடியில் துளையுள்ள மண்தொட்டியில் நட வேண்டும். எம்-சாண்டைக் கழுவாமல் போட்டால் அதிலுள்ள நுண்தூள் மண்ணை இறுக்கிவிடும்.

ஊட்டிக்குப் போய்வருபவர்கள் ஆசையாக வாங்கிவரும் எச்சிவேரியா என்ற சக்குலன்ட், மெக்சிகோவின் மேட்டுநிலங்களைச் சேர்ந்தது. இவ்வகைச் செடிகள் பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு, குளிர்ந்த இரவில் திறந்து மூச்சு வாங்குபவை. ஈரோட்டிலும் கரூரிலும் வெயில் 40 டிகிரியைத் தாண்டி, இரவிலும் புழுக்கம் அடங்காத சித்திரையில் அவற்றின் வளர்ச்சி மந்தமாகிவிடும். வெக்கைக்கு இரக்கப்பட்டு அப்போது தினமும் தண்ணீர் விடுவதும், நிழலில் இருந்ததைத் திடீரென மொட்டை மாடி வெயிலில் வைப்பதும் கூடாது. வெந்த இலையின் தழும்பு மாறாது. காலை வெயில் போதும். தென்னாப்பிரிக்காவின் ஹாவொர்தியாவுக்கு ஜன்னலோர வெளிச்சமே போதும். புதிதாக வளர்ப்பவர்கள் அதிலிருந்து தொடங்குவதே நல்லது என்பேன்.

வாரம் ஒருமுறை என்று கணக்கு வைத்துத் தண்ணீர் ஊற்றுவதும் நம் ஊருக்கு ஒத்துவராது. ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்று, பொள்ளாச்சியில் சாரலோடு வீசும். பல்லடத்துக்கு வரும்போது வறண்டு, தொட்டியைச் சீக்கிரம் உலர்த்திவிடும். ஐப்பசி அடைமழையிலோ தொட்டியைக் கூரைக்கடியில் நகர்த்துவதைத் தவிர வேறு வழியில்லை.

எச்சிவேரியா இலைமேல் சீராகப் படர்ந்திருக்கும் வெண்பூச்சைத் தூசி என்றோ மாவுப்பூச்சி என்றோ எண்ணித் துடைக்கக் கூடாது. அது வெயிலைத் தாங்குவதற்குச் செடியே போட்டுக்கொள்ளும் மெழுகு; துடைத்த இலையில் திரும்ப வராது. மாவுப்பூச்சி இலைக்கவட்டில் பஞ்சுத் திரளாக ஒளிந்திருக்கும். சர்ஜிக்கல் ஸ்பிரிட் தோய்த்த பஞ்சுக்குச்சியால் அந்த இடத்தை மட்டும் தொட்டு எடுத்துவிட்டு, அந்தத் தொட்டியைச் சில வாரம் மற்றவற்றிலிருந்து தள்ளி வைக்க வேண்டும்.