தாழ்ந்த காரை வீட்டு வாசலில் பத்திரமாகத் தூக்குவது எப்படி?

2006ஆம் ஆண்டு இந்தியாவில் விற்பனைக்கு வந்த ஹோண்டா சிவிக் காரை வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சிக்கல் நன்றாகத் தெரியும். பின் இருக்கையில் மூன்று பேர் உட்கார்ந்தால் வேகத்தடையில் வயிறு உரசும் அந்த வண்டியில், பிரேக் பேட் மாற்றவோ ஆயில் வடிக்கவோ நினைத்துச் சக்கரம் வைத்த சாதாரண டிராலி ஜாக்கியை முன்பம்பருக்கு அடியில் தள்ளினால், ஜாக்கியின் தலை முதலிலேயே முட்டி நின்றுவிடக்கூடும். கடைகளில் கிடைக்கும் சாதாரண 2 டன் டிராலி ஜாக்கியை முழுவதுமாகத் தாழ்த்தினாலும் அதன் தலை தரையிலிருந்து ஏறத்தாழ 13, 14 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். ஸ்பிரிங்கை மாற்றித் தாழ்த்திய கார்களிலும், டயரில் காற்று இறங்கிய கார்களிலும் அந்த உயரத்துக்குக்கூட இடம் இருப்பதில்லை.

விபத்துக்கான விதை இங்கேதான் விழுகிறது என்பது என் உறுதியான எண்ணம். தூக்க வேண்டிய இடத்துக்கு ஜாக்கி போய்ச் சேரவில்லை என்றதும், நுழைகிற இடத்தில் வைத்துத் தூக்கலாம் என்று கை தானாகப் போகிறது. ஆயில் சம்ப் எனப்படும் எஞ்சின் ஆயில் தொட்டி, தரைத் தகடு, சைலன்சர் குழாய் என்று எது எட்டுகிறதோ அதற்கு முட்டுக்கொடுத்துத் தூக்குகிறோம். தகடு நசுங்குவது அதில் சிறிய நட்டம்; பாதி உயரத்தில் ஜாக்கி வழுக்குவதுதான் பெரிய ஆபத்து. ஆகவே தாழ்ந்த காருக்கு முதல் வேலை தூக்குவதல்ல, ஜாக்கி சரியான இடத்துக்குப் போய்ச் சேருவதற்கான உயரத்தைச் சக்கரங்களைப் பலகையில் ஏற்றிச் சம்பாதிப்பதுதான். அதற்கும் முன்பாகத் தரையைப் பார்க்க வேண்டும்.

நம் வீடுகளில் கார் நிறுத்தும் இடத்தைச் சமமாக யாரும் கட்டுவதில்லை. மழைத்தண்ணீர் தெருப்பக்கம் ஓடட்டும் என்று கொத்தனார் வாட்டம் கொடுத்துத்தான் பூசியிருப்பார். ஒரு டம்ளர் தண்ணீரைத் தரையில் ஊற்றிப் பாருங்கள். அது அந்த இடத்திலேயே மெதுவாகப் பரவினால் வேலை செய்யலாம். நூல் பிடித்தாற்போல் வாசலை நோக்கி ஓடினால், நான்கு முட்டுக்கட்டை வைத்தாலும் அந்த இடம் வேண்டாம் என்பேன். மண் தரையும் சரளையும் அறவே கூடாது. பேவர் பிளாக் பதித்த தரை பார்ப்பதற்கு உறுதியாகத் தெரிந்தாலும் கல்லுக்கு அடியில் இருப்பது மணல்தான். ஒரு மே மாதத்தில் அப்படிப்பட்ட தரையில், தூக்கிய காரைத் தாங்கும் நான்கு கால் இரும்பு ஸ்டாண்டின் மேல் வண்டியை இறக்கிவிட்டு ஆட்டிப் பார்த்தபோது, ஸ்டாண்டின் ஒரு கால் நின்ற கல் மட்டும் விரல் கனத்துக்குக் கீழே இறங்கி, ஸ்டாண்ட் சாய்ந்து நின்றதைக் கண்டேன். அப்போது நான் அடியில் போகவில்லை. போயிருந்தால் அந்தச் சாய்வு என் கண்ணுக்குத் தெரிந்திருக்காது. வெயிலில் இளகும் தார்ச்சாலையிலும் இதுவே நடக்கும். வேறு இடமே இல்லையென்றால், ஸ்டாண்டின் நான்கு கால்களும் முழுமையாக அடங்கும்படி முக்கால் அங்குலப் பிளைவுட் துண்டு ஒன்றை ஒவ்வொன்றுக்கும் அடியில் போடுங்கள்.

அடுத்தது முட்டுக்கட்டை. தேரோட்டத்தில் அத்தனை பெரிய தேரையும் சக்கரத்தடியில் சொருகும் மரக்கட்டையால்தான் நிறுத்துகிறார்கள்; காருக்கும் அதைவிட நம்பகமான வழி கிடையாது. ஹேண்ட் பிரேக் பெரும்பாலான கார்களில் பின்சக்கரங்களை மட்டுமே பிடிக்கும் என்பதால், பின்பக்கத்தைத் தூக்கும் கணத்திலேயே அது பயனற்றதாகிவிடுகிறது. கியரில் நிறுத்தியிருக்கிறேனே என்று நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். முன்சக்கர இயக்கம் கொண்ட காரில் ஒரு முன்சக்கரம் மட்டும் தரையை விட்டு எழும்பினால், இரண்டு சக்கரங்களையும் தனித்தனி வேகத்தில் சுற்றவிடும் டிஃபரென்ஷியல் என்ற பற்சக்கர அமைப்பு காரணமாக, அந்தரத்தில் இருக்கும் சக்கரம் ஒரு திசையில் சுற்றிக்கொள்ள, தரையில் இருக்கும் சக்கரம் எதிர்த்திசையில் தாராளமாக உருளும். ஆட்டோமேட்டிக் காரில் ‘பி’யில் (பார்க்கிங்) போட்டாலும் இதே நிலைதான். ஆகவே ஹேண்ட் பிரேக்கைப் போடுங்கள், கியரிலும் நிறுத்துங்கள், ஆனால் இரண்டையும் நம்பாமல், தரையிலேயே இருக்கப் போகும் இரண்டு சக்கரங்களுக்கும் முன்னும் பின்னுமாக நான்கு கட்டைகளை இறுக்கமாகச் சொருகுங்கள். கைக்குக் கிடைத்த செங்கல் இதற்கு உதவாது. டயர் ஏறினால் வழுக்கும் அல்லது உடையும். முக்கோணமாக அறுத்த மரக்கட்டையோ கடையில் விற்கும் ரப்பர் கட்டையோ வேண்டும்.

இனி பலகைக்கு வருவோம். மரக்கடையில் இரண்டு அங்குலக் கனமும், டயரைவிடச் சற்று அதிக அகலமும் கொண்ட கெட்டியான பலகைகளைக் கேட்டு வாங்குங்கள். சென்ட்ரிங் பலகை மலிவாகக் கிடைக்கும் என்றாலும், ஆணி அடித்துப் பிடுங்கி நூல் பிளந்திருக்கும் என்பதால் அதைத் தவிர்ப்பது நல்லது. ஒவ்வொரு சக்கரத்துக்கும் மூன்றடி நீளத்தில் ஒன்று, அதன் மேல் இரண்டடி நீளத்தில் ஒன்று என இரண்டை அடுக்கித் திருகாணியால் பிணைத்தால், இரண்டிரண்டு அங்குலமாக ஏறும் இரண்டு படிகள் கிடைக்கும். ஏறும் பக்கத்து விளிம்புகளைச் சாய்வாகச் சீவச் சொல்லுங்கள். மறுமுனையில் டயர் தாண்டிப் போகாமல் நிற்க ஒரு குறுக்குச் சட்டம் அடியுங்கள். இந்த நான்கு அங்குலம், அதாவது 10 சென்டிமீட்டர், ஜாக்கி உள்ளே போவதற்கு மட்டுமன்றி, அதன் நீண்ட கைப்பிடியைப் பம்பரில் இடிக்காமல் முழு வீச்சில் அசைப்பதற்கும் இடம் தரும். கடையில் விற்கும் இரும்புச் சாய்தளங்கள் தாழ்ந்த காருக்குப் பெரும்பாலும் ஒத்துவருவதில்லை, ஏனென்றால் டயர் தொடுவதற்கு முன்பே பம்பர் போய் முட்டிவிடும். பலகையைக்கூடப் பம்பர் தாண்ட முடியாத அளவுக்கு வண்டி தாழ்வாக இருந்தால், முன்சக்கரங்களுக்குப் பின்னால் பலகையை வைத்து, ரிவர்ஸில் மெதுவாக ஏற்றுங்கள். பம்பர் இடிக்கும் பிரச்சினையே அப்போது எழாது. ஏற்றும்போது வெளியே நின்று பார்த்துச் சொல்ல ஓர் ஆள் கட்டாயம் இருக்க வேண்டும், அவர் காருக்கு நேர் முன்னாலோ நேர் பின்னாலோ நிற்காமல் பக்கவாட்டில் நிற்க வேண்டும். வண்டி ஏறி நின்ற பிறகுதான் முட்டுக்கட்டைகளைச் சொருக வேண்டும்.

பணம் செலவழிக்க முடிந்தவர்கள் லோ புரொஃபைல் எனப்படும் தாழ்வகை டிராலி ஜாக்கியை வாங்கலாம். அதன் தலை 8, 9 சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும். இருந்தாலும் பலகையைக் கைவிட நான் சொல்லமாட்டேன். சிவிக் போன்ற காரின் எடை ஏறத்தாழ 1,200 கிலோ, அதில் பாதிக்கு மேல் எஞ்சின் இருக்கும் முன்பக்கத்தில் இருக்கிறது. எனவே 2 டன் ஜாக்கி போதும், 3 டன் இருந்தால் நிம்மதி. டிக்கியில் வரும் கத்தரி ஜாக்கி வழியில் டயர் மாற்றுவதற்கு மட்டுமே கொடுக்கப்படுவது, வீட்டு ரிப்பேருக்கு அதை எடுக்க வேண்டாம். டிராலி ஜாக்கியைப் பயன்படுத்துவதற்கு முன்பு ஆயில் கசிகிறதா என்று துணியால் துடைத்துப் பாருங்கள். பிறகு காரைச் சற்றே தூக்கி, உயரத்தை அளந்து குறித்துக்கொண்டு, பத்து நிமிடம் கழித்து மறுபடி அளந்து பாருங்கள். இறங்கியிருந்தால் உள்ளே சீல் தேய்ந்துவிட்டது என்று பொருள். அந்த ஜாக்கி அன்றைக்கு வேண்டாம்.

எங்கே வைத்துத் தூக்குவது என்பதை வண்டியோடு வந்த கையேடு படம் போட்டுக் காட்டியிருக்கும். கதவுகளுக்குக் கீழே, ரன்னிங் போர்டின் அடிவிளிம்பில், இரண்டு தகடுகளைச் சேர்த்து வெல்டு செய்த ஓர் உதடு நீளமாக ஓடும். அதில் முன்சக்கரத்துக்குப் பின்னால் ஒரு ஜோடியும் பின்சக்கரத்துக்கு முன்னால் ஒரு ஜோடியுமாகச் சிறு வெட்டுக்குறிகள் இருக்கும், ஒவ்வொரு ஜோடிக்கும் நடுவே உள்ள சிறு பகுதிதான் வலுவூட்டப்பட்ட இடம். தட்டையான இரும்புத் தலையை நேரே அதில் வைத்தால் உதடு மடங்கிவிடும் என்பதால், நடுவில் பள்ளம் வெட்டிய ரப்பர் அட்டை ஒன்றை இடையில் வையுங்கள். ஆனால் பக்கவாட்டில் தூக்குவதில் ஒரு முரண் இருக்கிறது: ஜாக்கி நிற்க வேண்டிய இடமும் ஸ்டாண்ட் நிற்க வேண்டிய இடமும் ஒன்றே. இதனால்தான் முன்பக்க நடுவில் உள்ள குறுக்குச் சட்டத்தில் ஜாக்கியை வைத்து இரண்டு பக்கத்தையும் சேர்த்துத் தூக்கி, பக்கவாட்டுப் புள்ளிகளில் ஸ்டாண்டுகளை வைப்பது சிறந்தது. நடுப்புள்ளி எது என்பது மாடலுக்கு மாடல் மாறும், ஒர்க்‌ஷாப் கையேட்டில்தான் இருக்கும். ஊகத்தில் தேட வேண்டாம், மெக்கானிக்கிடம் ஒருமுறை காட்டச் சொல்லிச் சுண்ணக்கட்டியால் குறித்துக்கொள்ளுங்கள்.

சக்கரத்தைக் கழற்றும் வேலையானால், தூக்குவதற்கு முன்பே, டயர் பலகையில் நிற்கும்போதே, வீல் நட்டுகளை அரைச்சுற்று மட்டும் தளர்த்திவிடுங்கள். அந்தரத்தில் இருக்கும் வண்டியில் இறுகிய நட்டை மல்லுக்கட்டி இழுப்பது, நாமே வண்டியைத் தள்ளிவிடுவதற்குச் சமம். தூக்கத் தொடங்கியதும் ஜாக்கியின் சக்கரங்களைக் கவனியுங்கள். அதன் கை வில்போல் வளைந்து எழுவதால், தலை மேலே போகப் போகக் கிடைமட்டமாகவும் கொஞ்சம் நகரும். அந்த நகர்வுக்கு ஏற்ப ஜாக்கி தரையில் உருண்டாக வேண்டும். ஏதாவது கல்லிலோ பலகை விளிம்பிலோ அதன் சக்கரம் மாட்டிக்கொண்டால், ஜாக்கி நகர்வதற்குப் பதிலாகத் தலை பிடிமானத்திலிருந்து வழுக்கும். நாலைந்து முறை அழுத்தியதும் நிறுத்தி, தலை குறித்த இடத்திலேயே இருக்கிறதா என்று பார்த்து, பிறகு மேலே செல்லுங்கள்.

ஜாக்கி தூக்குவதற்கு, ஸ்டாண்ட் தாங்குவதற்கு. இந்த வேலைப்பிரிவினையில் விட்டுக்கொடுக்கவே கூடாது. இரண்டு ஸ்டாண்டுகளையும் ஒரே உயரத்தில் வைத்து, பூட்டும் பல் முழுமையாக உட்கார்ந்திருப்பதைக் கண்ணால் பார்த்து, கைப்பிடியைக் கீழ்நோக்கி அழுத்திச் சரிபாருங்கள். 2020ஆம் ஆண்டு அமெரிக்காவில் 3 டன், 6 டன் ஸ்டாண்டுகள் பல லட்சம் திரும்பப் பெறப்பட்டதற்குக் காரணமே, அந்தப் பல் சரியாகப் பிடிக்காமல் வண்டி திடீரென இறங்கக்கூடும் என்பதுதான். குறுக்கே ஊசி சொருகும் வகை ஸ்டாண்ட் கிடைத்தால் அதையே வாங்குங்கள். ஹாலோ பிளாக், செங்கல் அடுக்கு ஆகியவை எவ்வளவு கனமாகத் தெரிந்தாலும் முன்னறிவிப்பே இல்லாமல் நொறுங்கிவிடும். அவற்றின் மேல் காரை ஒருபோதும் நிறுத்தாதீர்கள்.

வண்டியை ஸ்டாண்டின் மேல் மெதுவாக இறக்கிய பின், ஜாக்கியை எடுத்துவிடாமல், தலை இலேசாகத் தொட்டுக்கொண்டிருக்கும் அளவில் அங்கேயே விட்டுவையுங்கள். இப்போது அடியில் போகாமல், பக்கவாட்டில் நின்று இரண்டு கைகளாலும் பொனட் ஓரத்தைப் பிடித்து வண்டியை நன்றாக ஆட்டுங்கள். விழுவதாக இருந்தால் அது இப்போதே விழட்டும். அசையாமல் நின்றால், கழற்றிய சக்கரத்தையோ ஸ்டெப்னியையோ படுக்கை வாட்டில் ரன்னிங் போர்டுக்கு அடியில் தள்ளிவையுங்கள். எல்லாம் கைவிட்டாலும் கார் அந்த ரிம்மின் மேல் உட்காருமே தவிர மனிதர்மேல் உட்காராது. ஐந்து நொடி ஆகும் இந்த வேலையை நான் ஒருநாளும் விட்டதில்லை.

வேலை நடக்கும்போது சாவி உங்கள் சட்டைப்பையில் இருக்கட்டும். யாரும் கதவைத் திறந்து உட்காரக் கூடாது. நிழல் தேடி நாயும் பூனையும் காருக்கடியில் படுப்பது வழக்கம் என்பதால், இறக்குவதற்கு முன் குனிந்து பார்க்கவும். வீட்டில் ஒருவர் கூப்பிடும் தூரத்தில் இருக்க வேண்டும். தனியாக இருக்கும் நாளில் அடியில் போகும் வேலையை ஒத்திப்போடுங்கள். இப்போதுதான் ஓட்டிவந்த வண்டியானால் சைலன்சர் ஆற ஒரு மணி நேரமாவது விடவும். துருப்பிடித்த போல்ட்டுக்கு நீளமான குழாய் மாட்டி மொத்த பலத்தையும் கொடுத்து இழுக்க வேண்டியிருந்தால், அதை வீட்டில் செய்ய வேண்டாம் என்பதே என் கருத்து. அந்த வேலை லிஃப்ட் உள்ள ஒர்க்‌ஷாப்புக்கு உரியது.

இறக்கும்போது கருவிகள் எதுவும் அடியில் இல்லை என்று உறுதிசெய்து, ஜாக்கியால் சிறிது தூக்கி, ஸ்டாண்டுகளை வெளியே எடுத்து, பிறகு ஜாக்கியை இறக்கும் வால்வை நூலளவு நூலளவாகத் திருகுங்கள். மலிவான ஜாக்கிகளில் வால்வு கால் சுற்றுத் திறந்தாலே வண்டி தொப்பென்று இறங்கிவிடும். டயர்களுக்கு நேர் அடியில் அந்தப் பலகைகள் இருப்பதை முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். பலகையில்லாத தரையில் இறக்கினால், தாழ்ந்த கார் ஜாக்கியின் மேலேயே உட்கார்ந்து, அதை வெளியே இழுக்க முடியாமல் போகும். சக்கரம் தரை தொட்டதும் நட்டுகளை எதிரெதிராக மாற்றி மாற்றி இறுக்குங்கள். சிவிக் காருக்கு இறுக்கும் விசை 108 நியூட்டன் மீட்டர் என்பது கணக்கு, அந்த விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இருந்தால் துல்லியமாக வைக்கலாம். முட்டுக்கட்டைகளை எடுத்து, பலகையிலிருந்து மெதுவாக இறக்கி, தெருமுனை வரை ஓட்டிவந்து நட்டுகளை ஒருமுறை தொட்டுப் பாருங்கள். 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு அதே ரெஞ்சால் இன்னொரு முறை சரிபாருங்கள்.